பச்சைத் துணியில் ஒரு காலிக் குழி

…அந்தப் பல் டாக்டருக்குத்தான் கொடுத்திருப்பான், வேறு யாருக்குக் கொடுக்கப் போகிறான், லிங்கன் நகரத்திலிருந்து ஒரு துப்பாக்கிக் கண்காட்சி விடாமல் மினுக்கிக்கொண்டு வருகிறானே, கையில் வெள்ளை உறை மாட்டிக்கொண்டு, அடுத்தவன் மேசையில் இருப்பதைத் தன் வீட்டுச் சாமான் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, அவனுக்குத்தான். என் கூட்டாளி எமில் எனக்கு இப்படிச் செய்வான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. விற்பதென்றால் முதலில் உன்னிடம்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தான், தேவாலயத்து மீன் விருந்தில், அவன் மனைவி லவோன் பக்கத்தில் இருக்கும்போதே. அவள்கூடச் சிரித்தாள், "என்னை வேணா தூக்கிக் குடுப்பாரு ரே, அந்தச் சின்ன வீட்டத் தரமாட்டாரு" என்று… அவளுக்கு அந்தத் துப்பாக்கி சின்ன வீடு, எங்களுக்கு ப்ராக்காரி. எங்கள் பாட்டன்மார் விட்டுவிட்டுக் கப்பலேறிய தேசத்தில், ப்ராக் நகரத்துப் பட்டறை ஒன்று போருக்கு முன் கொஞ்சமே செய்து, கட்டுப்படியாகாமல் நிறுத்திவிட்ட கைத்துப்பாக்கி, ஒன்றைச் சுட்டால் அடுத்த தோட்டா தானாக மேலேறி நிற்கும் ரகம். பட்டறையை விட்டு வந்த பிறகு ஒரு தோட்டாகூட ஏறாதது, அந்தக் கருநீலப் பூச்சில் இன்னும் நம் முகம் தெரியும். எத்தனை வருஷமாக அதற்காகக் காத்திருக்கிறேன் என்பதை ஜாய்ஸிடம்கூடச் சொன்னதில்லை, வாழ்நாள் முழுக்க என்னோடு குடித்தனம் செய்த பெண்டாட்டியிடம், சொன்னால் சிரிப்பாள்.

அவனுடைய மற்ற துப்பாக்கியெல்லாம் இதோ என் காரின் டிக்கியில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறது, மேடு பள்ளம் வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது, இந்த மாவட்ட ரோட்டை என்றைக்குத்தான் சரிசெய்யப் போகிறார்களோ. எமிலின் மகள் ஜோலீன் நேற்று ஒமாஹாவிலிருந்து கூப்பிட்டாள். "ரே அங்கிள், அப்பா பேச்சே சரியில்ல. காலையில எந்திரிச்சு என்னம்மா பண்ணப்போறேன்னு கேக்குறாரு. அம்மா போன எடத்துக்கே போயிடலாம்னு இருக்குன்னு சொல்றாரு. வீட்ல இத்தன துப்பாக்கிய வச்சுட்டு எனக்குத் தூக்கமே வரல. நான் கேட்டா குடுக்க மாட்டாரு, நீங்க கேட்டா குடுப்பாரு." துப்பாக்கி சேர்க்கிற எங்கள் ஆட்களிடம் இது உள்ளதுதான், ஒருவனுக்கு மனசு சரியில்லை என்றால் கூட்டாளி போய் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்து தன் இரும்புப் பீரோவில் பூட்டி வைப்பான், அவன் தேறியதும் கொண்டுபோய்க் கொடுப்பான், யாரும் யாரிடமும் வாய்விட்டுப் பேசமாட்டோம். நானும் பெரிய மனுஷன் மாதிரி, கவலைப்படாதேம்மா, நான் பார்த்துக்கறேன் என்றேன். பார்த்துக்கொண்ட லட்சணம்தான் இது.

அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும், மற்ற நாளாயிருந்தால் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவச் சொல்கிறவன். பீரோவைத் திறந்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான், சவரம் செய்யாத முகம், லவோன் பின்னிய ஸ்வெட்டர் உள்வெளியாக மாட்டியிருந்தது. நான் ஒவ்வொரு இழுப்பறையாக வெளியே எடுத்தேன். பச்சைத் துணி ஒட்டி, ஒவ்வொன்றின் உருவத்துக்கும் அளவாகக் குழி வெட்டியிருப்பான், அவன் கைவேலை, படு சுத்தமாக இருக்கும். கடைசி இழுப்பறையில் ஒரு குழி காலி. ப்ராக்காரியின் குழி. எனக்கு முகம் சுட்டது, நன்றாக ஞாபகம் இருக்கிறது, காதெல்லாம் சுட்டது, வித்துட்டியா பாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா… ஆனால் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும், ஒன்றுமே தெரியாதவன் மாதிரி இருந்து அவனையே குறுகவைக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்தேன், காய்ந்துபோன பிளம் பன்னைக் கடித்தேன், மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினேன். வரட்டுமா என்றேன், சரி என்றான். மனைவியைப் பறிகொடுத்த மனுஷன் வாசலில் நிற்கிறான், அவன் தோளைத் தொடக்கூட இல்லை நான், கோபம், அவ்வளவு கோபம்.

ரேடியோவைப் போட்டேன், ஃபுட்பால் ஆட்டம் பாதியில் இருந்தது, நம் பையன்கள் வழக்கம்போல் சொதப்பிக்கொண்டிருந்தார்கள்… இருபுறமும் அறுவடை முடிந்து சோளத்தட்டை வெட்டுப்பட்ட வயல், தூரத்தில் தானியக் கிடங்கு, ரோட்டில் ஒரு வண்டி இல்லை. ஆட்ட நாளில் யார் வெளியே வருவார்கள், ஊரே ரேடியோ முன்னால்தானே… எமில் வீட்டில் ரேடியோ ஓடவில்லையே. ஓடவே இல்லை. ஆட்டம் கேட்காத சனிக்கிழமை அவனுக்கு இருந்திருக்கிறதா, லவோனை அடக்கம் செய்த வாரத்தில்கூடக் காரில் உட்கார்ந்து கேட்டான். அந்தச் சமையலறையில் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும்தான் கேட்டது, அதுகூட இப்போதுதான் காதில் விழுகிறது எனக்கு. சரி, பல் டாக்டர் எவ்வளவு கொடுத்திருப்பான், பெட்டியோடுதான் கேட்டிருப்பான், பெட்டி இல்லாமல் அவன் தொடமாட்டான், அந்தப் பழைய அட்டைப் பெட்டியும் துப்பாக்கியின் எண்ணே பொறித்த, தோட்டா அடைக்கும் இரண்டாவது மேகசினும் சேர்ந்து இருப்பதில்தானே அதன் மவுசே… பெட்டியா? பெட்டி டிக்கியில் அல்லவா இருக்கிறது. நானேதானே துண்டில் சுற்றினேன், உள்ளே அந்த மேகசின் கடகடத்ததே, அதைக் கேட்டு இன்னும் வயிறெரிந்ததே. பெட்டியை விட்டுவிட்டுப் போக அந்தப் பல் டாக்டர் என்ன பைத்தியமா, பெட்டியில்லாமல் விற்க எமில்தான் பைத்தியமா. அப்படியென்றால் விற்கவில்லை. விற்கவில்லை என்றால்… வீட்டில்தான் இருக்கிறது.

வீட்டில்தான் இருக்கிறது என்றதும் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? எந்த மனுஷனுக்கும் என்ன தோன்றும்? எனக்கு அப்பாடா என்றிருந்தது. பல் டாக்டர் கைக்குப் போகவில்லை, அப்பாடா. காரை ஓரம்கட்டி நிறுத்திவிட்டேன், சிரித்தேன்கூட என்று நினைக்கிறேன். அதற்கப்புறம்தான் ஜோலீன் குரல் வந்தது, அம்மா போன எடத்துக்கே… அது வந்ததும் நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன், இல்லையில்லை, அவன் அதில் கை வைக்கமாட்டான், அது சுடாத துப்பாக்கி, ஒரு தோட்டாகூட ஏறாதது, எமிலாவது அதைப் பாழாக்குவதாவது என்று. ஒரு நிமிஷம் அதை நம்பினேன், ஆமாம், நம்பினேன், மனசு நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு மனுஷன் உயிரோடு இருப்பான் என்பதற்கு நான் வைத்திருந்த ஜாமீன் இதுதான், துப்பாக்கியின் பூச்சு கெட்டுவிடுமே என்று பார்ப்பான் என்பது. ச்சீ, என்ன பிறவி நான். போனைப் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வண்டியைத் திருப்பினேன், டிக்கியில் எல்லாம் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டது, உடையட்டும், நாசமாய்ப் போகட்டும். எமில், டேய் எமில், கொஞ்சம் பொறுடா…

சமையலறைக் கதவு பூட்டியிருக்கவில்லை. அவன் நான் விட்டுவிட்டுப் போன அதே நாற்காலியில் இருந்தான், அவன் முன்னால் மேசைமேல், பாத்திரம் துடைக்கும் துணியில், ப்ராக்காரி. உயிரோடு இருக்கிறான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னடா, எதையாவது விட்டுட்டுப் போயிட்டியா?" என்றான்.

"போன ஏன்டா எடுக்கல?"

"நீ குழியப் பாத்தே," என்றான், என் கேள்வி காதிலேயே விழாதவன்போல. "நான் உன்னையே பாத்துட்டிருந்தேன். இப்பக் கேப்பான், இப்பக் கேப்பான்னு. நீ காப்பிக்குச் சக்கரை கேட்டே."

எனக்குத் தலை நிமிரவில்லை. "வித்துட்டேன்னு நெனச்சேன்."

"யாருக்கு?"

"அந்தப் பல் டாக்டருக்கு."

அவன் சிரித்தான், லவோன் போன பிறகு அவன் சிரித்து நான் பார்த்ததே இல்லை, "அட நாசமாப் போறவனே" என்றான், மூக்கைத் துடைத்துக்கொண்டான். துணியோடு அதை என் பக்கம் தள்ளினான். "எடுத்துட்டுப் போ. நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேன்." குடுத்திருப்பானா, ஒரு வார்த்தைதானா, அந்த ஒரு வார்த்தைக்காகவா இவன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்… நான் கையில் எடுத்தேன், பழக்கம், அதன் குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு மேகசினைக் கழற்றினேன், மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தேன். ஒரு தோட்டா துள்ளி விழுந்து, சர்க்கரைக் கிண்ணத்தில் இடித்து, மேசைமேல் உருண்டது. இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

அந்த நேரத்தில் நான் அவனைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும், பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டும், குறைந்தபட்சம் அதைக் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. தோட்டாவை ஏற்றிவிட்டானே, உள்ளே உரசியிருக்குமே என்பதுதான் முதலில் வந்தது, நான் கூப்பிடாமலே வந்தது, அடுத்தது வருவதற்குள் என் கை அதை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துவிட்டிருந்தது. எமில் என் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். அவனுக்குத் தெரியாததா, அவனும் இதே ஜாதிதானே.

"கீறல் விழுந்திருக்கா?" என்றான் மெதுவாக, கோபமே இல்லாமல், கண்காட்சியில் பக்கத்து மேசைக்காரனைக் கேட்பதுபோல.

"இல்லடா, சுத்தமா இருக்கு" என்றேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.