பலகையில் பதிந்த கை

அக்காவைக் கட்டியவரும் தங்கையைக் கட்டியவனும் சேர்ந்து ஒரே தொழிலைச் செய்தால் கடையில் தொடங்கும் சண்டை சாப்பாட்டு மேசை வரைக்கும் வரும். மரத்தளங்களைக் கழுவிச் சாயம் பூசும் இந்தச் சகலைகளுக்குள் அன்று நடந்தது தெளிப்பான் சண்டை.

தெளிப்பான் விற்கும் கடையில் பெரிய சகலை ஒரு கைப் பம்புத் தெளிப்பானின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார். அந்த வளையத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தளத்தைக் கழுவும் மருந்தைத் தாங்குகிற ரப்பர், எண்ணெய்ச் சாயம் பட்டால் ஊறி உப்பிவிடும். பிறகு பம்பு அடித்தாலும் காற்று தங்காது. அதனால் மருந்துக்கு ஒரு தொட்டி, சாயத்துக்கு இன்னொரு தொட்டி.

கழுவும் வேலைக்குக் கைப் பம்புதான் என்பதில் இருவருக்கும் தகராறு இல்லை. நரைத்துப்போன மரத்தின் மேல் மருந்தை மெல்லத் தெளித்து, ஊறவிட்டு, தேய்த்து, சாதாரணக் குழாய்த் தண்ணீரில் அலசினால் போதும். வேகமாக நீரைப் பீய்ச்சும் இயந்திரத்தைக் கிட்டக் கொண்டுபோனால் அழுக்கோடு மரத்தின் மென்மையான சதையும் பெயர்ந்து, பலகை நனைந்த பூனை மாதிரி மயிர் சிலிர்த்து நிற்கும். சாயம் பூசுவது எதில் என்பதுதான் கேள்வி.

"ஏர்லெஸ் எடுத்துடலாம் சகலை," என்றான் சின்னவன். "நாளன்னிக்கு மழைங்கறான். ஏரிக்கரை விடுதித் தளம் எவ்வளவு பெருசுன்னு பாத்தீங்கல்ல? நாலு பலகைக்கு ஒரு தடவை பம்பு அடிச்சுக்கிட்டு நின்னா, நம்ம ரெண்டு பேரும் அங்கேயே கிழவனாயிடுவோம்."

"நீ ஆவ. நான் ஏற்கெனவே ஆயிட்டேன்."

ஏர்லெஸ் என்பதைக் கடைக்காரம்மா மேசையில் தூக்கி வைத்தாள். மற்ற இயந்திரங்கள் காற்றைக் கலந்து சாயத்தை ஊதும். இது காற்றைச் சேர்ப்பதே இல்லை. சாயத்தையே பிடித்து நெரித்து, ஊசிக் காது அளவுள்ள துளை வழியாகத் தள்ளும். அந்த நெரிசலில் இருந்து விடுபடும் வேகத்தில் சாயம் தானாகச் சிதறி விசிறி போல் விரியும். ஒரு பலகையை ஒரே மூச்சில் நனைத்துவிடலாம்.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றாள் அவள். "முனை அடைச்சுதுன்னா, முதல்ல பிரஷரை இறக்குங்க, விசையைப் பூட்டுங்க, அப்புறம்தான் கை வைக்கணும். விரல் பட்டுச்சுன்னா கையுறையோட சேத்துத் துளைச்சிடும். பாத்தா ஊசி குத்தின மாதிரிதான் இருக்கும், ரத்தம்கூட வராது. ஆனா உள்ள சாயம் உள்ளங்கை வரைக்கும் ஓடியிருக்கும். உடனே அறுத்துக் கழுவணும். மணிக்கணக்கா விட்டா விரல் போயிடும்."

"நீங்க விக்கிறீங்களா, விரட்டுறீங்களா?" என்று சிரித்தான் சின்னவன்.

பெரியவர் சிரிக்கவில்லை. "எனக்கு இது பிடிக்கல. ஆனா மழை வருது, சரி எடு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க..."

"தெரியும் சகலை. ஏதாவது ஆச்சுன்னா 'நான் அப்பவே சொன்னேன்'. அதானே?"

கடைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். குடும்பத்தில் அது பழைய கேலி. பால் பொங்கினாலும், பஸ் போனாலும், பக்கத்து வீட்டுக்காரன் வேலையை விட்டாலும் பெரியவர் அப்பவே சொல்லியிருப்பார். "என் கல்லறைக்குச் செலவே இல்ல, இந்த ஒரு வரியை வெட்டினா போதும்" என்று அவரே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

விடுதியில் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். கைப்பிடி மரச்சட்டங்களும் கீழ்ப் படிகளும் பெரியவருக்கு. ஒல்லியான சட்டத்துக்கு ஏர்லெஸ் அடித்தால் பாதிச் சாயம் ஏரிக்குத்தான் போகும். மேலே பரந்து கிடந்த தளம் சின்னவனுக்கு. தெளித்தால் மட்டும் போதாது, சாயம் ஈரமாக இருக்கும்போதே தூரிகையால் தேய்த்துவிட வேண்டும். தெளித்த சாயம் மரத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கும், தூரிகைதான் அதை உள்ளே அனுப்பும். தேய்க்காமல் விட்ட இடம் காய்ந்தாலும் பிசுபிசுவென்று மினுங்கிக்கொண்டே கிடக்கும்.

மதியம் படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தார்கள். சின்னவன் தன் பங்கைத் தொடவில்லை. வலக்கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

"சாப்பிடலையா?"

"வயிறு சரியில்ல."

"காலையில எங்க வீட்டு ரொட்டியை மலை மாதிரி முழுங்கின வயிறா?"

"அதனாலதான் சரியில்ல. உங்க வீட்டுச் சமையல்."

"என் பொண்டாட்டிகிட்ட சொல்றேன் இரு. மெஷின் எப்படி?"

"பறக்குது," என்றான் சின்னவன். முகம் வெளிறியிருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டார் பெரியவர். அந்த மெஷின் பறப்பதில் அவருக்குச் சின்ன வருத்தமும் இருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

வெயில் சாயத் தொடங்கிய பிறகுதான் அவர் படிகளை முடித்து மேலே வந்தார். வந்ததும் கண்ணில் பட்டது மினுக்கல். வாசலை ஒட்டிய சில பலகைகள் ஒழுங்காக இருந்தன. அதற்கப்பால் தளம் முழுக்கச் சாயம் குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. தூரிகை தொட்ட தடமே இல்லை. தூரத்துக் கோடியில் சின்னவன் முதுகைக் காட்டிக்கொண்டு தெளித்துக்கொண்டிருந்தான்.

"டேய், இது என்ன தளமா, பணியாரச் சட்டியா? தூரிகை எங்க?" என்று கத்தினார். மோட்டார் இரைச்சலில் அவன் திரும்பவில்லை. முணுமுணுத்துக்கொண்டே அவரே ஒரு தூரிகையை எடுத்து மண்டியிட்டார். குட்டைகள் பரவ மறுத்துப் பிசின் போல் இழுபட்டன. தேய்க்கத் தேய்க்க அவர் வேகம் குறைந்தது.

தெளிக்கிறவனின் கை பலகையில் பதிந்துவிடும். விசையை அழுத்தும் நொடியில் சாயம் ஒரு தரம் துப்பிவிட்டுத்தான் விசிறியாகும், அதனால் ஒவ்வொரு இழுப்பும் தொடங்கும் இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழும். சின்னவன் எப்போதும் வலமிருந்து இடமாக இழுப்பான். வாசல் பலகைகளில், தூரிகைக்குத் தப்பிய ஓரங்களில், அந்தக் கறுப்பு வலப்பக்கம்தான் இருந்தது. ஆனால் தேய்க்காத பலகைகளில் அது இடப்பக்கம் இருந்தது. இழுப்பும் நேராக இல்லை. பழகாத மணிக்கட்டு சுழன்றதில் அரிவாள் போல் வளைந்திருந்தது.

இடக்கையால் தெளித்திருக்கிறான்.

பெரியவர் தவழ்ந்தபடியே பின்னால் வந்தார், கறுப்பு பக்கம் மாறிய பலகையைத் தேடி. அது வாசலுக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. தன் ஆள்காட்டி விரலை அதன் மேல் வைத்து அழுத்தினார். கோடிப் பலகைகள் இன்னும் நனைந்திருந்தன. நடுவில் இருந்தவை ஒட்டின. குட்டைகளை விட்டு மெலிதாகப் படிந்த இடத்தில் இந்தப் பலகை காய்ந்திருந்தது. விரல் சுத்தமாகத் திரும்பி வந்தது. இந்தச் சாயம் இப்படிக் காய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். கை மாறியது ரொட்டியைப் பிரிப்பதற்கு வெகு முன்பு.

போய் மோட்டாரை அணைத்தார்.

"கையைக் காட்டு."

"எந்தக் கை?"

"பைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கியே, அது."

சின்னவன் மெதுவாக வெளியே எடுத்தான். ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஆனால் விரல் மெழுகு போல வெளுத்து, விறைத்து, பக்கத்து விரலை விட இரு மடங்கு பருத்திருந்தது. பெரியவர் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

"முனை அடைச்சுது. தெளிக்கிற துப்பாக்கியை இடக்கைக்கு மாத்திட்டு, வலக்கை நகத்தால நெம்பினேன். இடக்கைக்கு விசை எங்க இருக்குன்னு தெரியல, அழுத்திடுச்சு. முதல்ல வலிக்கவே இல்ல சகலை."

"ஏன்டா சொல்லல?"

சின்னவன் ஏரியைப் பார்த்தான். "சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரியும். சாயங்காலம் வரைக்கும் தாங்கிட்டா வேலை முடிஞ்சிடும், நீங்களும் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு நினைச்சேன்."

பெரியவர் சாய டப்பாவைத் தூக்கிக்கொண்டார். அது என்ன சாயம் என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்தவர் புள்ளியைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். முன்னால் பெரிய காயங்களோடு ஆட்கள் இருந்தார்கள். பெரியவர் டப்பாவை அவர் முன்னால் வைத்தார். "குத்தினது ஊசி இல்லைங்க. இது உள்ள போயிருக்கு. எண்ணெய்." அறுவை மருத்துவர் வந்தபோது புள்ளியைப் பார்க்கவில்லை, டப்பாவின் பின்புறத்தைத்தான் முதலில் படித்தார்.

"எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு மணி நேரம் இருக்கும்," என்றான் சின்னவன்.

"பொய்," என்றார் பெரியவர். "காலையிலேயே குத்தியிருக்கு. பலகை காஞ்சு போச்சு."

மருத்துவருக்குப் பலகைக் கணக்கு புரிந்திருக்காது. ஆனால் காலை என்ற சொல் புரிந்தது. உடனே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

சின்னவனின் மனைவி வேலையிடத்து உடுப்போடு ஓடி வந்தாள். நடைவழியில் பெரியவரின் எதிரே நின்றாள்.

"மாமா, அந்த மெஷின் வேணாம்னு நீங்க அவர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன்," என்றார் அவர். பிறகு, "சொல்லியே கெடுத்தேன்" என்றார். அவளுக்கு அது காதில் விழவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரலை அறுத்துத் திறந்தபோது எண்ணெய் உள்ளங்கையின் நடு வரைக்கும் ஓடியிருந்தது. முதல் முறை கழுவினார்கள். இரண்டாம் முறை ஆள்காட்டி விரலை அடியோடு எடுத்தார்கள். நடுவிரல் இருக்கிறது, மடங்காது.

சொன்ன நாளிலேயே மழை வந்தது. அது ஓய்ந்து மரம் காய்ந்த பிறகு, பெரியவர் தனியாகப் போய் அந்தப் பிசுக்கையெல்லாம் சுரண்டித் துடைத்து, மறுபடியும் தூரிகையாலேயே பூசினார். விடுதிக்காரர் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். வாசல் பக்கத்தில் அந்த ஒரு பலகை எது என்று அவருக்குத் தெரியாது.

கட்டுப் பிரித்த பிறகு சகலைகள் இருவரும் மறுபடி அதே கடைக்குப் போனார்கள். கடைக்காரம்மா சின்னவனின் கையைப் பார்த்தாள். கைப் பம்புகளை வரிசையாக எடுத்து வைத்தாள். சின்னவன் ஒவ்வொன்றாக இடக்கையில் பிடித்து விசையை அழுத்திப் பார்த்தான். ஒன்றில் விசை நீளமாக, எந்தக் கைக்கும் பொருந்துவதாக இருந்தது. பெரியவர் அதில் தண்ணீர் ஊற்றி, ரப்பர் வளையத்தைப் பார்த்து, மூடியைத் திருகி, பம்பு அடித்துக் கொடுத்தார். கடைத் தரையில் மெல்லிய விசிறி ஒன்று விழுந்தது. அரிவாள் மாதிரி வளைந்தது.

"பழகிடும்," என்றார் பெரியவர்.

"சகலை, சொல்லிடுங்க."

"என்னத்தை?"

"அதைத்தான். ஒரு தடவை சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சிடும். நீங்க சொல்லாம இருக்கிறதைத்தான் என்னால தாங்க முடியல."

பெரியவர் வாயைத் திறந்தார். வாழ்நாள் முழுக்கத் தடுக்கி விழுந்தாலும் நாக்கில் வந்து நின்ற வரி, வரவில்லை.

சின்னவன் முனையில் தொங்கிய சொட்டைத் துடைக்க, மிச்சமிருந்த விரல்களை அதன் பக்கம் கொண்டுபோனான். வெறும் தண்ணீர்தான், தீங்கு செய்யாத அழுத்தம்தான். ஆனாலும் பெரியவரின் கை பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. இன்னொரு கையால் அவர் தொட்டியின் வால்வைத் திறந்தார். காற்று சீறிக்கொண்டு வெளியே போனது. அது முழுக்க ஓயும் வரைக்கும் அவர் அந்தக் கையை விடவில்லை.