முன்சக்கரத்துப் பொட்டு

பெயர் அருண்பிரசாத், வயது இருபத்திரண்டு. சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். இப்போது இருப்பது அடி அண்ணாமலைக்குப் பின்னால் வயலுக்குள், தருமன் வீட்டு மோட்டார் கொட்டகையில். வேலை, வண்டி ஓட்டுவது. ஆனால் அன்று காலை வண்டி ஓடவில்லை. முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, பின்சக்கரம் இரண்டும் பாதி புதைந்துபோன பிக்கப்பை அழாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்சீட்டில் தருமன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். சாய்ந்து உட்கார்ந்தால் அடைக்கிறது என்று டேஷ்போர்டில் இரண்டு கைகளையும் ஊன்றி முன்னால் குனிந்திருந்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்ட மனிதர். வாரத்தில் இரண்டு நாள் திருவண்ணாமலைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டால்தான் உடம்பு ஓடும். மழை பிடித்துக்கொண்டதில் போன முறை தவறிப்போயிருந்தது. அதிலிருந்து கால் வீங்கி, முகம் உப்பி, நேற்றிலிருந்து படுக்கவும் முடியவில்லை. இன்றைக்கும் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் சொல்லியிருந்தாள். அவர் மனைவி சந்திரகலா அதைக் கேட்டுக்கொண்டாளே தவிர யாரிடமும் திருப்பிச் சொல்லவில்லை. வண்டியை எடு என்று மட்டும் அருணிடம் சொன்னாள்.

வீட்டிலிருந்து தார் ரோடு கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். நடுவில் இருந்த வண்டிப்பாதைதான் ஏரித் தண்ணீர் வழிந்து களிக்கூழாகக் கிடந்தது. ஆம்புலன்சுக்குச் சொன்னதற்கு, எல்லா வண்டியும் மழைக் கேசுக்குப் போயிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். பக்கத்து நிலத்துக் கருப்பனின் டிராக்டர் ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போகலாம் என்று அருணும் சந்திரகலாவும் பார்த்தார்கள். தருமன் கனத்த உடம்பு. வாசலைத் தாண்டுவதற்குள் நாற்காலிக் கால் சேற்றில் இறங்கி, அவர் சரியப்போனதோடு அந்த யோசனையை விட்டுவிட்டார்கள்.

இந்தப் பாதைக்காகத்தான் அந்த வண்டியையே வாங்கியிருந்தார் தருமன். ஏற்காட்டில் ஏதோ ஒரு எஸ்டேட்டில் ஓடிய பழைய பிக்கப். நாலு சக்கரமும் இழுக்கும். அருண் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவர் வித்தையைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். பெரிய கியருக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு லீவர். அதைப் பின்னால் இழுத்தால் போர்டில் பச்சை லைட் எரியும். எரிந்தால் நாலு சக்கரமும் வேலை செய்கிறது என்று அர்த்தம். படிப்பு அவ்வளவுதான். வெயில் காலத்தில் எப்போதாவது இழுத்துப் பார்ப்பார்கள். லைட் எரியும். சந்தோஷமாக மறுபடி முன்னால் தள்ளிவிடுவார்கள்.

இப்போதும் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதை நம்பித்தான் அருண் ஆக்சிலேட்டரை மிதிமிதி என்று மிதித்தான். மிதிக்க மிதிக்க வண்டி குழி பறித்துக்கொண்டு உட்கார்ந்தது. மாட்டுக்கு அடுக்கியிருந்த போரிலிருந்து மல்லாட்டைக் கொடியை, காய்ந்த வேர்க்கடலைச் செடியை, அள்ளிவந்து சக்கரத்துக்குக் கீழே திணித்தான். அதையும் அரைத்துத் துப்பிவிட்டது.

"லைட்டு எரியுதாடா?" என்றார் தருமன்.

"எரியுதுண்ணா."

"அப்ப வண்டி போவணுமே." நிறுத்தி மூச்சு வாங்கினார். "டிரைவருக்குத்தான் எரியல போல."

மற்ற நாளாக இருந்தால் அருண் சிரித்திருப்பான். அவர் உதடு நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அவனால் சிரிக்க முடியவில்லை.

சந்திரகலாவை முன்னால் போய் நின்று சக்கரத்தைப் பார்க்கச் சொன்னான். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். இவன் கிளட்சை விட்டான். பின்னால் சேறு வாரி இறைத்தது.

"முன்சக்கரம் சுத்தவே இல்ல தம்பி," என்றாள் அவள். "கல்லு மாரி நிக்குது. பின்னாடி மட்டும்தான் அல்லாடுது."

அருண் குனிந்து மறுபடி போர்டைப் பார்த்தான். லைட் எரிகிறது, லீவர் விழுந்திருக்கிறது, சக்கரம் சுற்றவில்லை. உடைத்துவிட்டோமோ என்றுதான் முதலில் தோன்றியது. போனை எடுத்தான். விரலெல்லாம் களி, எழுத்தைத் தொட முடியாது. எப்போதும் செய்வது போல, தேட வேண்டியதை வாயால் சொன்னான்: நாலு வீல் பிக்கப், முன்சக்கரம் சுத்தல, லைட்டு மட்டும் எரியுது. ஒரே ஒரு கோடு சிக்னலில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு படம் மட்டும் மேலிருந்து கீழாக இறங்கியது. யாரோ ஒருவன் முன்சக்கரத்தின் நட்டநடுவில் ஒரு திருகைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தான்.

அருண் தன் வண்டியின் முன்சக்கரத்தைப் பார்த்தான். நடுவில் திருகு எதுவும் இல்லை. சந்தனமும் குங்குமமும் அடையாக அப்பிய ஒரு வட்டம்தான் இருந்தது.

"அக்கா, இதுக்குள்ள திருகு மாரி ஒன்னு இருக்குதாம். இத சுரண்டணும்."

"தொடாத."

அவள் குரல் அப்படி வந்து அவன் கேட்டதில்லை. நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

வண்டி வந்த அன்றே அந்த வட்டத்தைப் பார்த்து, பொட்டு வைப்பதற்கென்றே விட்டிருக்கிற நெற்றி என்றுதான் சந்திரகலா நினைத்தாள். ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போதும் இரண்டு முன்சக்கரத்துக்கும் வைப்பாள். மழையில் கரைந்துவிடக் கூடாது என்று நல்லெண்ணெயில் குழைத்து வைப்பாள். பழையதைத் துடைக்க மாட்டாள், அதன்மேலேயே வைப்பாள். போன மனிதர் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்ததற்கு அவள் கண்டுபிடித்திருந்த காரணம் அது.

"அவர இட்டுனு போற நேரத்துல பொட்ட அழிக்கச் சொல்றியா?" என்றாள். "அதுவும் இன்னிக்கி?"

அருண் சம்பளத்துக்கு வந்தவன். ஒரு பெண் புருஷனுக்காக வைத்த பொட்டைச் சுரண்டு என்று சொல்வதற்கு அவன் யார்? அவன் அம்மா தனம் இங்கே இருந்திருந்தாலும் தொடாதே என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் சுரண்டாவிட்டால் அந்த மனிதர் இந்தச் சேற்றிலேயே, இந்த சீட்டிலேயே... அவன் அதற்கு மேல் நினைக்கவில்லை. படத்தை அவளிடம் நீட்டினான். அவள் பார்க்கவில்லை. மழை மறுபடி தூற ஆரம்பித்தது.

அப்போது வண்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலும் இல்லை, பேச்சும் இல்லை. தண்ணீருக்குள் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். சந்திரகலா திரும்பிப் பார்த்தாள். தருமனின் தலை கைகளுக்கு நடுவே தொங்கிப்போயிருந்தது.

"நீ கை வெக்காத," என்றாள். "நான் வெச்சது. நானே எடுக்கறேன்."

சக்கரத்துக்கு முன்னால் சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். நகத்தால் பெயர்த்துப் பார்த்தாள். எண்ணெய் இறுகிய அடை அசையவில்லை. இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக் குத்தினாள். அண்ணாமலையாரே, அண்ணாமலையாரே என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது; கை நிற்கவில்லை. சிவப்பும் மஞ்சளுமாகப் பில்லை பில்லையாகப் பெயர்ந்து விழுந்தது. கீழே ஒரு இரும்புத் திருகு தெரிந்தது. அதில் ஒரு அம்புக்குறி, இரண்டு பக்கமும் இரண்டு ஆங்கில வார்த்தைகள். அருண் எழுத்துக் கூட்டிப் படித்தான். ஒரு பக்கம் ஃப்ரீ. இன்னொரு பக்கம் லாக். அம்பு ஃப்ரீயில் நின்றது.

"வாங்கின நாள்லருந்து இது ஃப்ரீலயே இருந்திருக்குக்கா," என்றான். லைட் எரிந்தது பொய்யில்லை. லீவர் அதன் வேலையைச் செய்தது. அந்த இழுப்பு சக்கரத்துக்கு வந்து சேரும் இடத்தில்தான் பூட்டு திறந்து கிடந்திருக்கிறது. கட்டிங் பிளேயரால் கவ்வி முழு பலத்தையும் போட்டுத் திருப்பினான். இரண்டு தடவை வழுக்கிக் கைவிரல் தோல் உரிந்தது. மூன்றாவது தடவை அம்பு கடக்கென்று லாக்கில் உட்கார்ந்தது.

மறுபக்கத்து முன்சக்கரம் பாதிக்கு மேல் சேற்றுக்குள் இருந்தது. சந்திரகலா எழுந்து வரவில்லை. "அத நீயே எடு தம்பி," என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவன் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாததைச் சாவியால் சுரண்டினான். திருகு இருக்கிறதா இல்லையா என்பது கூட விரலுக்குத்தான் தெரிந்தது. அதையும் கவ்வித் திருப்பிப் பூட்டினான்.

ஏறி உட்கார்ந்ததும் பயத்தில் பழையபடி ஆக்சிலேட்டரை அழுத்தினான். இப்போது நாலு சக்கரமும் சேர்ந்து சேற்றை இறைத்தன.

"மிதிக்காதடா," என்றார் தருமன், தலையைத் தூக்காமலே. "ஊந்து போவட்டும்."

காலை எடுத்தான். கியரைக் குறைத்து, இஞ்சின் தன்பாட்டுக்கு உறும விட்டு, ஸ்டீரிங்கை மட்டும் இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பிக்கொண்டே இருந்தான். முன்சக்கரம் எதையோ கடித்தது. வண்டி பின்னாலிருந்து தள்ளப்படாமல் முன்னாலிருந்து இழுக்கப்படுவதை முதல்முறையாக உணர்ந்தான். குழியை விட்டு ஏறியது. நிறுத்தினால் மறுபடி புதைந்துவிடும் என்று நிறுத்தவே இல்லை; சந்திரகலா ஓடிவந்து பின்கதவைப் பிடித்துத் தொட்டிக்குள் ஏறிக்கொண்டாள்.

தார் ரோட்டில் ஏறி டவுன் பக்கம் திரும்பும்போது, வழுக்காத தரையில் நாலு சக்கரமும் ஒன்றாக இழுத்ததில் ஸ்டீரிங் கல்லாகிவிட்டது. வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. லீவரை முன்னால் தள்ளினால் வரவில்லை. மறுநாள் பௌர்ணமி, கிரிவலப் பாதையில் தடுப்புப் போட்டுக்கொண்டிருந்த போலீஸ்காரர் ஒருவர், உள்ளே இருந்தவரின் நிலையைப் பார்த்து, கொஞ்சம் பின்னால் எடு, தடுப்பை விலக்குகிறேன் என்றார். பின்னால் எடுத்தான். அந்தப் பின்னோட்டத்தில் இறுக்கம் விட்டு லீவர் தானாக விழுந்தது. பச்சை லைட் அணைந்தது. அதையும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் தருமனைச் சக்கர நாற்காலியில் வைத்து ஓடினார்கள். டாக்டர் சந்திரகலாவைத் திட்டினார். திட்டிக்கொண்டே எல்லாம் செய்தார். மாலையில் வெளியே வந்து, இப்போதைக்கு மூச்சுத் திணறல் இறங்கியிருக்கிறது என்றார். நாளை மறுநாள் மறுபடி வர வேண்டும். அதற்கப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். இன்னொரு தடவை தவறினால் என்னைக் கேட்காதீர்கள் என்றார்.

வெளியே வானம் இன்னும் கறுத்துக்கொண்டு நின்றது. அந்தப் பாதையில் அவரைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. பூட்டினாலும் திறந்தாலும் இன்னொரு மழைக்கு வண்டி மூழ்கிவிடும். சந்திரகலா தெருத்தெருவாக லாட்ஜுகளில் கேட்டுவிட்டு வந்தாள். பௌர்ணமிக் கூட்டம்; எல்லாம் நிறைந்துவிட்டது. ஒரே ஒரு இடத்தில் ரூம் இருந்தது, மூன்றாவது மாடியில். அந்த மனிதரால் ஒரு படிகூட ஏற முடியாது. அவள் பிக்கப்பின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அருண் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றான். தோல் உரிந்த விரலால் தட்ட முடியவில்லை. போனை வாயருகில் பிடித்து, வீட்டு க்ரூப்பைத் திறந்து, அது எழுத்தாக விழ விழ ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"நான் அருண். நான் நல்லாத்தான் கீறேன், அம்மா அழ வேணாம். எங்க தருமன் அண்ணனுக்கு ரொம்ப முடியல. திருவண்ணாமலைல பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துல ரூம் வேணும். படி ஏறாத மாரி, கீழ் வீடா இருக்கணும். மழ விடற வரைக்கும் போதும். அக்கா சமைச்சிக்குவாங்க, நான் வண்டியிலயே படுத்துக்குவேன். இத யார் படிச்சாலும் சரி, தெரிஞ்சவங்க இருந்தா கேட்டு இன்னிக்கே சொல்லுங்க."