முன்சக்கரங்கள் சுற்றவில்லை

மேட்டின் பாதியில் பிக்கப் திணறி நின்றது. லவோன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுதான் தாமதம், வண்டி பின்னோக்கி வழுக்கத் தொடங்கியது. பிரேக்கை அழுத்தி மிதித்தும் பயனில்லை. நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டு பனிமேல் சறுக்கின. பின்பகுதி மெல்லத் திரும்பி, ஓடைப் பள்ளத்தை ஒட்டிய வேலிக்கம்பத்தில் முட்டி நின்றது.

"வண்டி ஓட்டுறியா, சறுக்கு விளையாடுறியா?" என்றான் பக்கத்திலிருந்த கர்ட்.

மூன்று வருடத்துக்கு முன்புவரை அவள் புருஷனாக இருந்தவன். கிடேரி உதைத்து வலது தோளெலும்பு முறிந்ததில் கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

"பேசாம இரு. மேல ஹார்லன் மூச்சுக்கு அல்லாடிட்டு இருக்காரு."

ஹார்லன் மலையுச்சிப் பண்ணைக்காரர். நுரையீரல் கெட்டு, மின்சாரத்தில் ஓடும் ஆக்ஸிஜன் இயந்திரத்தை நம்பி இருப்பவர். புயலில் கம்பி அறுந்து மின்சாரம் போய்விட்டது. கையிருப்பு சிலிண்டர் மத்தியானத்துக்கு மேல் தாங்காது என்று அவர் மனைவி ஃபெர்ன் தொண்டர் தீயணைப்பு நிலையத்துக்கு போன் செய்திருந்தாள். ஆம்புலன்ஸ் பாதி வழியிலேயே திரும்பிப் போயிற்று. பனியில் வழுக்காமலிருக்க மாட்டும் சக்கரச் சங்கிலிகளோடு தீயணைப்பு வண்டி வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. நிலையத்தில் மிச்சமிருந்தது லவோனும் அவளுடைய பழைய பிக்கப்பும் கர்ட்டும்தான். நிலையத்திலிருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு இருவரும் கிளம்பியிருந்தார்கள்.

"ஃபோர் வீல் போட்டியா இல்லியா? நாலு சக்கரமும் இழுத்தாத்தான் ஏறும்."

"லைட் எரியுது பாரு."

"லைட் எரிஞ்சா ஆச்சா?"

சுரீரென்றது அவளுக்கு. காலையில் டீசல் போட்ட இடத்தில், ஈரமில்லாத சிமென்ட் தரையில், ஃபோர் வீலைப் போட்டபடியே வண்டியைத் திருப்பியிருந்தாள். அப்படித் திருப்பினால் வண்டி முரண்டு பிடிக்கும், முன்சக்கரங்கள் துள்ளும். இன்று வெண்ணெய் மாதிரித் திரும்பியது. முன்சக்கரங்களுக்கு விசை போகவில்லை என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

"இந்தப் பக்கம் வா. பிரேக்க மிதி. நான் சொல்றப்ப ஆக்ஸிலரேட்டர லேசா அழுத்து" என்று இறங்கினாள்.

கர்ட் நகர்ந்து உட்கார்ந்து அழுத்தினான். பின்சக்கரங்கள் பனியை வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் அசையவே இல்லை. அவள் ஓரமாகக் குனிந்து அடியில் பார்த்தாள். முன்னால் போகும் இரும்புத் தண்டு மட்டும் கிறுகிறுவென்று சுற்றியது.

"தண்டு சுத்துது. சக்கரம் பொணமா கெடக்கு."

"அப்ப தண்டையும் சக்கரத்தையும் சேக்கிற ஆக்ஸில் பூட்டு விழல" என்றான் கர்ட். "எஞ்சின் காத்த உறிஞ்சித்தான் அந்தப் பூட்ட இழுக்கணும். சின்ன ரப்பர் குழாய் ஒண்ணு போகும். எங்கயோ ஓட்டை. விறகு இருக்குல்ல பின்னால? சக்கரத்துக்கு அடை குடுக்காம உள்ள போயிடாத."

பாரத்துக்காகப் பின்னால் போட்டிருந்த விறகுக் கட்டைகளைச் சக்கரங்களுக்குப் பின்னே திணித்தாள். கர்ட் எஞ்சினை அணைத்துவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இருந்தான். அவள் மல்லாந்து படுத்து, வண்டிக்கடியில் நகர்ந்தாள். சட்டைக்குள் பனி இறங்கியது. புகைக்குழாயில் உரசி, ரப்பர் குழாய் உருகிப் பிளந்திருந்தது.

வெளியே வந்து, கண்ணாடி கழுவும் தண்ணீர் போகும் குழாயில் ஒரு துண்டைக் கத்தியால் அறுத்துக்கொண்டு திரும்பவும் நுழைந்தாள். கையுறையைக் கழற்றினால்தான் வேலை நடக்கும். விரல்கள் விறைத்துப்போயின. உருகிய இடத்தை வெட்டியெறிந்து ஒரு முனையைச் சொருகினாள்.

வேலிக்கம்பம் மடமடவென்று முறிந்தது.

வண்டி ஒரு சாண் வழுக்கியது. கட்டைகளும் கூடவே சறுக்கின. தலைக்குமேல் ஆக்ஸில் நகர்வதை அவள் பார்த்தாள்.

"லவோன்! வெளிய வாடி!"

"இன்னொரு முனை பாக்கி."

"முனையாவது மண்ணாவது! வாடின்னா!"

அவள் குழாயின் மறுமுனையைத் தேடிப் பிடித்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் குத்தி அழுத்தினாள். ரப்பர் வளைந்தது, நழுவியது, பிறகு ஏறியது. பள்ளம் இல்லாத பக்கமாக உருண்டு வெளியே விழுந்தாள். கதவைத் திறந்து, "நகரு, நான் ஓட்டுறேன்" என்றாள்.

"நகர்ந்தா பிரேக்க யாரு மிதிக்கிறது? அந்தப் பக்கமா ஏறு."

அவன் சொன்னதுதான் சரி. சுற்றிப்போய் ஏறினாள். எஞ்சின் உறுமியது. கர்ட் பிரேக்கை இம்மியளவு தளர்த்தினான். வண்டி அசைந்தது. அடியில் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம்.

"பூட்டு விழுந்துடுச்சு!" என்றாள். "ரெண்டாம் கியர் நான் போடுறேன். பச்சக் குழந்தையத் தொடுற மாதிரி அழுத்து."

"எனக்குத் தெரியாதா? நீ ஸ்டீரிங்கப் பிடி. எனக்கு இருக்கிறது ஒத்தக் கை."

அவன் இடது கையும் அவளுடைய இரண்டு கைகளும் ஸ்டீரிங்கில். முன்சக்கரங்கள் ஒருமுறை வெறுமனே சுழன்று, பனிக்கடியில் சரளையைக் கவ்வின. வண்டியின் மூக்கு சாலைப் பக்கம் இழுத்தது. பின்பகுதி பள்ளத்தின் விளிம்பை உரசிக்கொண்டு மேலேறியது. வண்டி வளைவைத் தாண்டியது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஹார்லனின் உதடு நீலம் பாரித்திருந்தது. சிலிண்டர் முள் சுழியத்தை ஒட்டி நின்றது. லவோன் புதுச் சிலிண்டரைத் திருகி மாட்டினாள். ஃபெர்ன் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்திருந்தாள். நிறம் மெல்லத் திரும்பியது.

"ஏன் லேட்டு?" என்றார் ஹார்லன் முகமூடிக்குள்ளிருந்து. "வழில சண்டையா ரெண்டு பேருக்கும்?"

ஃபெர்ன் அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுப்பில் கொதித்த காப்பியை லவோன் கோப்பையில் வாங்கினாள். விறைத்த விரல்களில் பிடி நிற்கவில்லை. காப்பி தளும்பித் தரையில் சிந்தியது. கர்ட் கோப்பையை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, கிரீஸும் ரத்தமுமாக இருந்த அவள் விரல்களைத் தன் ஒற்றைக் கையால் அடுப்புப் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை.