ஜெபத்தில் இருப்பவர்

சமையற்கட்டு அக்கா என் கையில் திணித்துவிட்டுப் போன துண்டுச் சீட்டில் இரண்டே வரி. "அண்ணன் காலைல சாப்பிடல, உபவாசம்னாங்க. மதியமும் தட்டு வேண்டாமா?" வாயைத் திறந்தே கேட்டிருப்பாள், ஆனால் அது மௌன வேளை. எங்கள் சபையின் குளிர்கால முகாமில் மூன்றாம் நாள் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை யாரும் பேசக் கூடாது. ஆளுக்கொரு மரத்தடி, ஆளுக்கொரு பாறை. ஜெபத்தில் இருப்பவரைக் கூப்பிடுவதோ தொடுவதோ கூடாது. வருடம் முழுக்க ஊர்வம்பு அளக்கிறவர்கள்கூட அந்த இரண்டு மணி நேரம் உதட்டைத் தைத்துக்கொள்வார்கள். தையல்காரி நான், எனக்கே அது ஆச்சரியம்தான்.

சீட்டை இன்னொரு தடவை படித்தேன். ஆண்கள் பந்தி தனி என்பதால் காலையில் அவர் சாப்பிட்டாரா என்று நான் பார்க்கவில்லை. விடிந்ததும் என் வீட்டுக்காரர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இன்சுலின் போட்டிருந்தார். ஊசியை வாங்கி என் துணிப்பையில் ஒளித்தவளே நான்தான். போட்ட அரைமணியில் சாப்பிட்டாக வேண்டும். இந்த மனுஷன் ஊசியையும் போட்டுக்கொண்டு உபவாசமும் இருந்தால்?

ஒளித்ததற்குக் காரணம் உண்டு. போன வருடம் இதே முகாமில் சபையே அவர் தலைமேல் கைவைத்து ஜெபித்தது. மறுமாதம் மேடையேறி, சர்க்கரை அடியோடு போய்விட்டது என்று சாட்சி சொன்னார். நம்பித்தான் சொன்னார். இரண்டு வாரத்தில் கால்புண் ஆறாமல் டாக்டரிடம் ஓடினோம். அதற்குள் விஷயம் எங்கெங்கோ பரவி, எலக்ட்ரிக் வேலைக்குப் போகிற வீடுகளில்கூட அவரைப் பிடித்து உட்காரவைத்துக் கதை கேட்டார்கள். "யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார். நானும் விடவில்லை.

வெளியே பத்தடிக்கு மேல் தெரியாத பனி. ஒரு சத்தம் போட்டால் முப்பது பேரும் ஓடிவந்து தேடுவார்கள். என்ன ஏது என்றும் கேட்பார்கள். வெட்கக்கேடு, அந்த நேரத்திலும் நான் மானத்தைத்தான் யோசித்தேன். கண்ணை மூடிப் பாறையில் உட்கார்ந்திருந்த போதகர் முன்னால் ஒரு நிமிடம் நின்றேன். பிறகு கால் வேறு பக்கம் திரும்பிவிட்டது. பாட்டுக்குழு அக்கா எதிரே வந்தாள். ஸ்க்ரூ திருகுவதுபோல் கையைத் திருகிக்காட்டி, என் வீட்டுக்காரர் எங்கே என்று சைகையில் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் கைகாட்டினாள். இரண்டு கையையும் கூப்பித் தலைகுனிந்து, ஜெபத்தில் இருக்கிறார் என்று பாவனை செய்தாள்.

மரத்தில் சாய்ந்து, தலை மார்பில் தொங்க உட்கார்ந்திருந்தார். தோளில் பாட்டுக்குழு அக்காவின் சால்வை. குளிருமே என்று போர்த்திவிட்டு, எழுப்பாமல் போயிருக்கிறாள். உறைபனி படிந்த புல்லில் இன்னும் இரண்டு மூன்று பேரின் காலடிகள் அவர் பக்கம் வந்து, சற்றுத் தள்ளி ஒதுங்கிப் போயிருந்தன.

"என்னங்க."

கன்னத்தைத் தொட்டேன். அந்தக் குளிரில் முகமெல்லாம் வியர்வை. உலுக்கினால் தலை மட்டும் ஆடியது. அதற்குமேல் என் தொண்டை என்னைக் கேட்கவில்லை. அலறினேன்.

பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். "மெதுவா தங்கச்சி, ஜெபத்துல..." என்று ஆரம்பித்தாள் பாட்டுக்குழு அக்கா.

"ஜெபமும் இல்ல, ஒண்ணும் இல்ல! ஊசி போட்டுட்டுப் பட்டினி கிடக்கறாரு. தேன் கொண்டு வாங்க, வண்டிய எடுக்கச் சொல்லுங்க!"

"அவருக்குத்தான் சுகமாயிடுச்சே. சாட்சி சொன்னாரே..." போதகருக்கு மூச்சு வாங்கியது.

"சுகமாகல ஐயா. சொல்லப் பயந்தாரு. நானும்தான்."

சமையற்கட்டு அக்கா ஓடிவந்து தேன் பாட்டிலை நீட்டினாள். ஊற்றினால் புரையேறும். அவரைப் பக்கவாட்டில் சாய்த்து, விரலில் தொட்டு ஈறில் தடவினேன். மறுபடி தடவினேன். மேட்டில் வண்டி கிளம்பாமல் செருமிக்கொண்டிருந்தது. போதகர் வழக்கம்போல் ஜெபிக்கக் கையை உயர்த்தி, பாதியிலேயே இறக்கிக்கொண்டார். யாரும் கண்ணை மூடவில்லை. எல்லார் கண்ணும் என் வீட்டுக்காரர் வாய்மேல்தான்.

மூன்றாம் தடவை விரலை உள்ளே விட்டபோது அதன்மேல் ஏதோ லேசாக அழுந்தியது. அவர் பல்லா, என் கை நடுக்கமா தெரியவில்லை. விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன்.