இரண்டு விரற்கடை இடதுபுறம்

கப்பல் வேலைக்குப் போன மெக்கானிக், போன மூன்றாம் நாள் காலை தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நாற்காலிக்கு இரண்டு விரற்கடை இடதுபுறமாக உட்கார்ந்திருந்தான். அதே நேரம் நடுக்கடலில் எண்ணெய்க் குழாய் ஒன்றை இறுக்கிக்கொண்டும் இருந்தான். அவன் மனைவிக்கு இதில் ஆச்சரியமில்லை. வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் பாதையைக் கணக்கிடும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. தரைநிலையங்கள் கோளின் சத்தத்தை, அதாவது அது அனுப்பும் சிக்னலை, கேட்டுச் சொல்லும். பிசகில்லாத முடிவான கணக்குக்கு இரண்டு வாரம் ஆகும். மறுநாளே அவசரமாகப் போடுவதும் அதற்குக் கிட்டத்தட்ட ஈடுதான். ஆனால் மழையைக் கணிக்கிறவர்களுக்கு இப்போதே வேண்டுமே! அவர்களுக்காக ஆறு மணி நேரத்துக்கொரு தரம், கோள் இனி எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே ஒரு கணக்கு. அது கொஞ்சம் தப்பும். கடைசியாகச் சத்தம் கேட்டு நேரம் ஆக ஆக இன்னும் தப்பும். புருஷன் தினமும் காலையில் போன் செய்வான். அந்தக் குரலை வைத்து அவள் அவனையும் கணக்கிட்டாள், அவ்வளவுதான். தோளைத் தொடப்போனால் வெறும் காற்று. இருந்தாலும் எதிரே உட்கார்ந்து சாப்பிடலாமே, அதுவே அவளுக்குப் பெரிசு.

எட்டாம் மாதம் கப்பலை எங்கோ பிடித்து வைத்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. போன் நின்றது. ஒரு வாரத்தில் அவன் மேசையை விட்டு அலமாரிக்குள் போனான். ஒரு மாதத்தில் சுவரைத் தாண்டினான். வருஷம் திரும்புவதற்குள் நடுத்தெருவில், மாடி சன்னல் உயரத்தில், சாப்பிடுகிற பாவனையில் உட்கார்ந்திருந்தான். பஸ்கள் அவனுக்குக் கீழே போயின. “அண்ணி, அண்ணன் எங்க கொடிக்கு நேரா வந்துட்டாரு, துணி காயப்போட வெக்கமா இருக்கு,” என்று எதிர்மாடி நாத்தனார் குறைப்பட்டாள்.

விஷயம் அலுவலகம் வரைக்கும் போனது. “சத்தம் வராத கோளைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடணும்மா. அதுதான் நம்ம முறை,” என்றார் மேலதிகாரி.

“எடுத்துட்டா, சன்னலைத் திறந்து நான் எதைப் பார்க்கிறது சார்?”

அவர் பட்டியலை அப்படியே விட்டுவைத்தார். அவள் காய்ச்சலில் கிடந்தபோதும் ஆறு மணி நேரத்துக்கொரு கணக்கை விடவில்லை. ஏங்கினாள், வேறென்ன, ஏங்கி ஏங்கிக் கணக்குப் போட்டாள்.

நான்காம் வருஷம் ஒரு மத்தியானம் மெக்கானிக் பெட்டியோடு தெருவில் வந்தான். தலைக்கு மேலே தன்னை அண்ணாந்து பார்த்தான். மாடியேறி, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் செய்த முதல் காரியம், டேப்பின் மறுமுனையை எதிர்மாடியில் நாத்தனாரைப் பிடிக்கச் சொல்லி, தெருவில் இருப்பவனுக்கும் நாற்காலியில் இருப்பவனுக்கும் நடுவே அளந்ததுதான். பதினோரு மீட்டர் நாற்பது.

“இத்தனை வருஷத்துக்கு மோசமில்ல,” என்றாள். பிறகு ஓவென்று அழுதாள்.

“அழாத. அதான் வந்துட்டேன்ல,” என்றான் அவன்.

அந்தக் குரல் கேட்டதும் தெருவிலிருந்தவன் விறுவிறுவென்று உள்ளே வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்தான். அவள் கையும் பழக்கத்தில் அங்கேதான் போனது. மெக்கானிக்கின் தோளுக்கு இரண்டு விரற்கடை தள்ளி, வெறும் காற்றில் நின்றது. அவன் அந்தக் கையைப் பார்த்தான். இடதுபுறமாக நகர்ந்து உட்கார்ந்தான்.