அம்மாவின் பெஞ்சுக்கு ஒரு முகவரி

“அப்போ நேத்து எல்லாருக்கும் அனுப்பினியே, அது யாரு வீட்டு நம்பருடி?”

“நெட்டுல நம்ம வீட்டு நம்பர்தான்டா. நேத்து வரைக்கும்.”

“இன்னிக்கு?”

“இன்னிக்கு வேற யாருக்காச்சும் போயிருக்கும். காலையில கரண்டு போய் வந்துச்சுல்ல? ரவுட்டர் அணைஞ்சு எழுந்திருச்சு, இணைப்புக்காரங்க புது நம்பர் குடுத்துட்டாங்க. அதனாலதான் சொல்றேன், நம்மளுக்குன்னு ஒரு பேர் வேணும். நம்பர் மாறினாலும் பேர் மாறாது.”

அண்ணன் வாய் நிறைய பற்பசை நுரையோடு சிரித்தான். சிரித்ததில் பாதி நுரை கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. “குடியிருக்கிற வீட்டு நம்பரே தெரியாதவ, ஊருக்கு விலாசம் குடுக்கப் போறாளாம்!”

தங்கை சில்வண்டுக்கு இதெல்லாம் காதில் விழவே விழாது. அவள் வாய் மூடி இருந்ததை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் அந்தப் பெயர். இருபது வயது, கால் தரையில் பாவாது. அவளிடம் ஒரு பழைய மடிக்கணினி. திரையில் பாதி செத்துவிட்டது, விசைப்பலகையில் நான்கு பித்தான்களைக் காணோம். அதை அம்மாவின் வேலைப் பெஞ்சுக்கு அடியில் குப்புறக் கவிழ்த்து, இரவும் பகலும் அணைக்காமல் ஓடவிட்டிருந்தாள். அதில்தான் அம்மாவின் வலைத்தளம் குடியிருந்தது. வேறு எந்தக் கம்பெனியின் கணினியிலும் இல்லை, சொந்த வீட்டில்.

அம்மாவின் பெஞ்சு முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. ஃபேன், மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, தலைமுடி காயவைக்கிற மெஷின், எது எரிந்துபோனாலும் அந்தப் பெஞ்சுக்கு வந்துவிடும். அம்மா கை வைத்தால் மறுபடி சுற்றும். ஆனால் மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டுவது எண்ணிச் செய்கிற வேலை. மயிரிழைச் செப்புக் கம்பியைக் கைப்பிடியால் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் மனதுக்குள் எண்ண வேண்டும். ஐந்நூறு என்றால் ஐந்நூறுதான். முந்நூற்று எழுபதில் போன் அடித்தால்?

“ஹலோ, என் மிக்ஸி சரியாச்சா?”

போச்சு. எண்ணிக்கை போச்சு. அவிழ்த்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இல்லையென்றால் குத்துமதிப்பாகத் தொடர வேண்டும். போன வாரம் அம்மா குத்துமதிப்பாகத் தொடர்ந்தாள். டீச்சர் வீட்டு ஃபேன் கொண்டுபோய் மாட்டிய அரைமணி நேரத்தில் புகைந்துவிட்டது. பத்து வருஷத்தில் அம்மா கட்டிய காயில் எரிந்தது அதுதான் முதல் தடவை.

விஷயம் மாமா காதுக்குப் போனது. மாமா அம்மாவுக்கு மூத்தவர். கடைத்தெருவில் பெரிய ரிப்பேர் கடை. ஓடி வந்தார்.

“இதுக்குத்தான் சொல்றேன் தங்கச்சி, பெஞ்சைத் தூக்கிட்டு என் கடைக்கு வந்துரு. போன் எடுக்க அங்க தனி ஆள் இருக்கு. நீ வேலையை மட்டும் பாரு.”

அம்மா உடனே மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. “சனிக்கிழமை சாயங்காலம் வா அண்ணா, சொல்றேன்” என்றாள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் சில்வண்டு மடிக்கணினியைக் கையில் எடுத்தாள். அம்மா மாமா பக்கம் பாதி போய்விட்டாள் என்று அர்த்தம். மாமா கடையில் அம்மா பின்பக்கச் சந்தில் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, எந்த மோட்டாரை முதலில் பிரிப்பது என்று இன்னொருவரைக் கேட்டுச் செய்வாள். அதைச் சில்வண்டால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அதனால்தான் இந்த வலைத்தளம். ஒவ்வொரு சாமானிலும் அம்மா கட்டுகிற சீட்டில் ஒரு நம்பர் இருக்கும். அதை போனில் தட்டினால் போதும். பிரித்தாச்சு என்றால் சிவப்பு, வேலை நடக்கிறது என்றால் மஞ்சள், வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றால் பச்சை. அம்மா வேலை முடிந்ததும் பெஞ்சில் இருக்கிற ஒரு பித்தானை அழுத்தினால் நிறம் மாறிவிடும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம்.

“என்ன பேர்டி வைக்கப் போறே?” என்று கேட்டாள் அம்மா, ஒரு மிக்ஸியின் வயிற்றுக்குள் இருந்து கண்ணை எடுக்காமல்.

“உன் பேரைத் தேடினேன், வேற யாரோ எடுத்துட்டாங்க. ‘அம்மா ரிப்பேர்’ போய்ப் பார்த்தேன், அதுவும் போச்சு.”

“‘புகையுது’ன்னு வை” என்றான் அண்ணன். “காலியா இருக்கும்.”

அம்மா திருப்புளியை ஓங்கினாள். அண்ணன் குளியலறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கடைசியில் சில்வண்டுக்கே பளிச்சென்று தோன்றியது. எல்லோரும் போனில் என்ன கேட்கிறார்கள்? அதையே வைத்துவிட்டால்? சரியாச்சா. பின்னால் ஒரு புள்ளி, மூன்று எழுத்து. தேடிப் பார்த்தாள். யாரும் எடுக்கவில்லை! ஒரு வருஷத்துக்கு அந்தப் பெயரைத் தன் கைக்காசில் பதிந்தாள். அந்தப் பெயரைக் கேட்டால் இந்த வீட்டு நம்பரைக் காட்டு என்று எழுதினாள். நம்பர் மாறினால் ஐந்து நிமிஷத்துக்குள் புது நம்பரைத் தானே போய்ச் சொல்கிற மாதிரி மடிக்கணினிக்கு ஒரு சின்ன வேலையும் வைத்தாள். வெளியிலிருந்து வருகிறவர்களை நேரே பெஞ்சுக்கு அடியில் அனுப்பும்படி ரவுட்டரிடம் சொன்னாள்.

புதுப் பெயர் எல்லா இடத்துக்கும் போய்ச்சேரச் சில மணி நேரம் பிடிக்கும். பொறுமையுள்ளவர்கள் காத்திருந்து, திறந்து பார்த்துவிட்டு, பிறகு ஊருக்குச் சொல்வார்கள். சில்வண்டுக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். அன்று, வெள்ளிக்கிழமை சாயங்காலமே, அம்மாவின் போனை எடுத்து வாடிக்கைக்காரர்கள் அறுபத்து மூன்று பேருக்கும் செய்தி தட்டிவிட்டாள்: ‘நாளை முதல் போன் செய்ய வேண்டாம். இந்தப் பெயரில் உங்கள் சீட்டு நம்பரைப் போட்டுப் பாருங்கள்.’

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெயரைத் தட்டினாள்.

வந்தது வலைத்தளம் இல்லை. ரவுட்டரின் பூட்டுப் பக்கம் வந்தது. ‘பயனர் பெயர்? கடவுச்சொல்?’

அண்ணன் போனைப் பிடுங்கித் தட்டினாள். அதே. அம்மா போனிலும் அதே.

“மூணு போன்லயும் இப்படித்தான் வருது” என்றாள் அழாத குறையாக. “அறுபத்து மூணு பேரும் இதைத்தான் பார்ப்பாங்க. ஃபேன் ஆச்சான்னு கேட்டவங்ககிட்ட பாஸ்வேர்டு கேக்குது!”

“சூப்பர்” என்றான் அண்ணன். “நம்ம வீட்டுச் சாவியை எங்க வெச்சிருக்கோம்னு மட்டும்தான் இன்னும் சொல்லல.”

“வாயை மூடுறா!”

மடிக்கணினியை அணைத்து ஏற்றினாள். ரவுட்டரை அணைத்து ஏற்றினாள். எழுதியதை எல்லாம் அழித்து மறுபடி எழுதினாள். முடியை அள்ளி முடிந்தாள், அவிழ்த்தாள். திரும்பத் திரும்ப அதே பூட்டுப் பக்கம்.

பெஞ்சில் அம்மா டீச்சர் வீட்டு ஃபேனுக்குப் புதிதாகக் காயில் கட்டிக்கொண்டிருந்தாள். கைப்பிடி கிறுக் கிறுக் என்று சுற்றியது. உதடு மட்டும் அசைந்தது. பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. கம்பியை முடிந்துவிட்டு அம்மா நிமிர்ந்தாள்.

“ஏண்டி, என் போன் செத்துருச்சா?”

அப்போதுதான் மூவருக்கும் உறைத்தது. காலையிலிருந்து போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. வழக்கமான சனிக்கிழமை என்றால் இதற்குள் இருபது பேர் கூப்பிட்டிருப்பார்கள்.

“அண்ணா, உன் போன்ல இருந்து அம்மாவுக்கு அடி.”

அடித்தான். அம்மாவின் போன் திருகாணி டப்பாவுக்குப் பக்கத்தில் கணீரென்று ஒலித்தது. போன் நன்றாகத்தான் இருந்தது.

அம்மா மெதுவாகத் துணியில் கையைத் துடைத்தாள். “அப்போ வாடிக்கைக்காரங்க ஓடிட்டாங்க. கூப்பிடாதேன்னு நாமளே சொன்னோம். சொன்ன இடத்துல போய்ப் பார்த்தா பாஸ்வேர்டு கேக்குது. ஏதோ ஏமாத்து வேலைன்னு நினைச்சிருப்பாங்க.” கட்டிய காயிலை எடுத்து ஓரமாக வைத்தாள். “விடு கண்ணு. நீ உன்னால முடிஞ்சதைச் செஞ்சே. மாமா வந்தா சரின்னு சொல்லிடறேன்.”

சில்வண்டு வாயடைத்து நின்றதைப் பார்த்து அண்ணனுக்கே பயம் வந்துவிட்டது. கேலியை நிறுத்தி, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான்.

வாசலில் மணி அடித்தது. தெருமுனைச் சலூன்காரர், கழுத்தில் துண்டோடு.

“சீட்டு நாப்பத்தொண்ணு. முடி காயவைக்கிற மெஷின். எடுத்துக்கலாமா?”

“ஆச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?” என்றாள் அம்மா.

“பச்சையா போட்டிருந்துச்சே! கடையில உக்காந்து பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். நடுவுல ஒரு அஞ்சு நிமிஷம் ஒண்ணும் வரல, அப்புறம் தானா வந்துருச்சு.”

சில்வண்டு டம்ளரைத் தரையில் வைத்தாளா போட்டாளா தெரியாது. “அண்ணே, உங்க போனைக் காட்டுங்க! இப்பவே! இங்கயே!”

அவர் பயந்துபோய்க் காட்டினார். அவர் போனில் அம்மாவின் பெஞ்சு, சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் அழகாக இருந்தது. பக்கத்திலேயே அண்ணன் போனைப் பிடித்தாள். அதே பெயர், அதே எழுத்து. ஆனால் பூட்டுப் பக்கம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“டேய், வைஃபையை அணை!”

அணைத்தான். அண்ணன் போனிலும் பச்சை வந்தது.

“ஐயோ, ஐயோ, நான் ஒரு மக்கு!” என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டு குதித்தாள். “மூணு போனும் வீட்டு வைஃபையிலதானே இருந்துச்சு! வெளியில இருந்து வந்தா ரவுட்டர் உள்ளே கூட்டிட்டு வந்துடுது. வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே நம்ம பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அதுக்குத் தலைகால் புரியல. தன்னையே பார்க்க வந்திருக்கோம்னு நினைச்சு, யாரு நீ, பாஸ்வேர்டு சொல்லுன்னு கேக்குது! ஊர் பூரா நேத்து ராத்திரியில இருந்தே நல்லா பார்க்குறாங்கம்மா! நமக்கு மட்டும்தான் தெரியல!”

“அப்போ போன் வராதது?” என்றாள் அம்மா.

“அதாம்மா இதோட வேலையே!”

மடிக்கணினியின் வருகைப் பதிவைத் திறந்தாள். வரி வரியாக ஓடியது. காலையிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு தடவை யாரோ வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொன்றும் அடிக்காமல் போன ஒரு போன். அவள் ரவுட்டரை அணைத்து ஏற்றியபோது நம்பர் மாறியிருந்தது. அந்தப் பெயர் அடுத்த ஐந்து நிமிஷத்தில் புது நம்பரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த ஐந்து நிமிஷம்தான் சலூன்காரர் சொன்னது. வீட்டுக்குள்ளே கேட்டால் நேராகப் பெஞ்சுக்கு அடியில் போகும்படி ஒரே ஒரு வரி எழுதினாள். அம்மா போனிலும் நிறங்கள் வந்து உட்கார்ந்தன.

அம்மா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு மகளின் இரண்டு கன்னத்தையும் கிரீஸ் கையாலேயே பிடித்து ஆட்டினாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மாமா வந்தார். அம்மா அப்போது அடுத்த மோட்டாரில் இருந்தாள். அவர் வாயைத் திறந்ததும் அம்மா இடது கையைத் தூக்கி ‘இரு’ என்று காட்டினாள். வலது கை சுற்றிக்கொண்டே இருந்தது. மாமா முக்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த உடனே அவர் போன் அடித்தது.

“கடையில கேளுங்க... கடையில ஆளு எடுக்கலையா? சரி சரி.”

மறுபடி அடித்தது. மறுபடியும். நான்காவது தடவை அடித்தபோது அண்ணன் பணிவாக, “வெளியில போய்ப் பேசுறீங்களா மாமா? உள்ளே வேலை நடக்குது” என்றான். மாமா முகத்தில் ஈயாடவில்லை. போனின் கழுத்தை நெரித்து அணைத்தார்.

“...ஐநூத்திப் பத்தொம்பது, ஐநூத்தி இருபது.” அம்மா கம்பியை வெட்டினாள். “அண்ணா, நான் வரலை.”

“யோசிச்சுத்தான் சொல்றியா?”

“இன்னிக்கு மூணு காயில் கட்டிட்டேன். மூணும் ஒரே மூச்சுல. நான் எங்கயும் வரலை. என் பெஞ்சு இங்கேயே இருக்கட்டும்.”

சில்வண்டு பெஞ்சைச் சுற்றி ஓடி வந்து அம்மாவைப் பின்னால் இருந்து கட்டிக்கொண்டாள். மாமா அந்தப் பித்தானையும், கீழே கவிழ்ந்து கிடந்த மடிக்கணினியையும், சத்தமே போடாத அம்மாவின் போனையும் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“ஏம்மா மருமகளே... இதுல என் கடைக்கும் ஒரு பேர் போட்டுக் குடுக்க முடியுமா?”

“அது பாதி உயிர்ல ஓடுது மாமா, உங்க கூட்டம் வந்தா மூச்சை விட்டுடும்” என்றான் அண்ணன். “ஓடும்! நான் ஓட வைக்கிறேன்! என்ன பேர் வேணும்?” என்று சில்வண்டு அதற்குள் பெஞ்சுக்கு அடியில் பாதி புகுந்துவிட்டாள். அம்மா மட்டும் தன் அண்ணனையே பார்த்துச் சிரித்துக்கொண்டு, “முதல்ல என் வேலை, மிச்சம் இருந்தா உனக்கு” என்றாள். மூன்று பேருக்கும் மூன்று பேச்சு. நீங்களே சொல்லுங்களேன், நாலு பித்தான் இல்லாத அந்தப் பெட்டியில் மாமா கடைக்கும் ஒரு மூலையை விட்டுக்கொடுக்கலாமா?