அலகு திறந்த இரண்டு நாரைகள்

1.

இந்தக் கதை என் அக்கா ஹிசனோவின் கல்யாண அலமாரியிலிருந்து எடுத்தது. நான் கற்பனை செய்தது குறைவு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். ஆரம்பம் எழுதத்தான் வரவில்லை.

எங்கள் ஊர் கனசாவாவில் பனி உருகிய காலையில்... வேண்டாம்.

பூட்டுத் தகட்டில் ஒரு நாரை... ஒன்றல்ல, இரண்டு. வம்பே அங்கேதான்.

2.

இரண்டு கதவு, இரண்டு இரும்புத் தகடு. தகட்டைக் கீறி, வெள்ளிக் கம்பியை அடித்துப் பதித்த நாரைகள். சுற்றிலும் பிளம் பூக்கள். [முதலில் கமேலியா என்று எழுதியிருந்தேன். தலை விழுவதுபோல் முழுசாக விழுகிற பூவைக் கல்யாணச் சீரில் யார் வைப்பார்கள்? அடித்துவிட்டேன்.]

ஜோடியில் ஒரு நாரை அலகைத் திறந்திருக்க வேண்டும், மற்றது மூடியிருக்க வேண்டும். ஒன்று சொல்ல, ஒன்று கேட்க. செதுக்கியவர் மாப்பிள்ளை யசுகிச்சியேதான். கல்யாண மயக்கத்தில் இரண்டையும் திறந்துவைத்துவிட்டார்.

அம்மா அதைப் பார்த்தது சீர் லாரி கிளம்பிய பிறகு.

3.

"நிறுத்துப்பா! ரெண்டும் வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது! தெனம் சண்டைதான். இறக்குங்க, கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம்."

"இறக்கணும்னா வண்டியப் பின்னால எடுக்கணும்மா," என்றார் டிரைவர். "சீர் வண்டி பின்னால வந்தா பொண்ணும் திரும்பி வந்துரும்பாங்க. நான் மாட்டேன்."

லாரி நடுத்தெருவில் நின்றது. அக்கா தெருவுக்கு ஓடி வந்தாள். யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, யசுகிச்சி உளியும் கம்பிப் பெட்டியுமாகச் சைக்கிளில் பறந்து வந்தார்.

[இங்கே அவர் அழகாக ஏதோ பேசியதாக எழுதிப் பார்த்தேன். பொய். வேர்த்து வழிய நின்றார்.]

"தூக்கத்துல செதுக்கினீங்களா?" என்றாள் அக்கா.

"உன் நெனப்புலதான்."

"ஓ! என் நெனப்பு வந்தா தொறந்த வாய்தான் ஞாபகம் வருதோ?"

தெருவே சிரித்தது. அவர் லாரியில் ஏறித் தகட்டைத் தடவினார். "மூட முடியாது அத்தை. ஆனா ஒண்ணு பைன் கிளையைக் கவ்வுற மாதிரி தங்கக் கம்பி பதிச்சுரலாம். பைன் கவ்வின நாரைன்னா தீர்க்காயுசு."

அம்மா மூச்சு விட்டாள். "அப்ப சரி, கல்யாணம் நடக்கட்டும். பொண்ணு வாயில வையுங்க மாப்பிள்ளை."

"அதெல்லாம் முடியாது. ஆம்பளை வாயில!" என்றாள் அக்கா.

"இதுல எது ஆம்பளை?" என்றார் டிரைவர்.

யசுகிச்சி தலையைச் சொறிந்தார். "அதை நான் யோசிக்கவே இல்லையே."

4.

இடதுபக்க நாரைக்குக் கிளை கிடைத்தது. "இது யாரு, நானா நீங்களா?" என்று அக்கா விடாமல் கேட்டாள்.

"குடும்பம் நடத்தினாத் தெரிஞ்சிரும்," என்று சொல்லிக் குதித்து இறங்கினார். லாரி முன்னால் போனது.

அது அக்கா என்று ஒரு முடிவு எழுதினேன், அத்தான் என்று ஒன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன். அவர்கள் வீட்டு வழியாகப் போனால் கொஞ்சம் நின்று கேளுங்கள். எந்தக் குரல் ஓய்ந்திருக்கிறதோ, அதுவே கிளை கவ்விய நாரை. நான் போகும்போதெல்லாம் இரண்டு குரலும் கேட்கிறது.